32 பிட் நிரலில் மட்டும் ஐஆக்டில் பிழை: பொது ஹெடரில் இருக்கும் லாங்கைப் பாருங்கள்

ஐஆக்டில் என்பது நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு. அதற்காக நிரலும் டிரைவரும் பகிரும் ஹெடரில், ஸ்ட்ரக்டில் உள்ள லாங்கையும் பாயிண்டரையும் எடுத்துவிட்டு, லினக்ஸின் டைப்ஸ் ஹெடர் தரும் யு32, யு64 வகைகளைப் போடுங்கள், முன்னால் இரண்டு அடிக்கோடு உள்ளவை. பாயிண்டரும் யு64 ஆகவே போகட்டும்.

64 பிட் கெர்னலில் உங்கள் 32 பிட் நிரலுக்கு மட்டும் ‘இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில்’ வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு பொதிந்திருக்கிறது. லாங் கெர்னலில் 8 பைட், உங்கள் நிரலில் 4. எண்ணே மாறிவிடும், கெர்னலுக்கு அது தெரியாத கட்டளை.

32 பிட், 64 பிட் இரண்டு பில்டிலும் ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃப் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். யு64 போட்ட பிறகும் ஒத்துவரவில்லையா? 32 பிட் எக்ஸ்86இல் அது 4 பைட் எல்லையில் உட்காரும். இடைவெளியை நீங்களே பேட் ஃபீல்டாக (இடம் நிரப்பும் வெற்று ஃபீல்டு) எழுதி, மொத்தத்தை 8இன் மடங்காக்குங்கள். கம்பைலரை நம்பி விடாதீர்கள்.

அளவு ஒன்றாகியும் பிழை நின்றால், டிரைவரில் 32 பிட் நிரலின் அழைப்பை ஏற்கும் கம்பாட் ஐஆக்டில் ஹேண்ட்லர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் இதே பிழைதான்.

அப்புறம், ஹெடரை இன்க்ளூட் அடைவுக்குள், பயனர் நிரல்களுக்கான ஹெடர்கள் இருக்கும் யூஏபிஐ அடைவுக்கு நகர்த்துங்கள், கெர்னல் 3.7 முதல் அதற்கு அதுதான் இடம். ஆனால் பழைய நிரல் ஏற்கெனவே பயனர்களிடம் போயிருந்தால் அந்த ஸ்ட்ரக்டைத் தொடாதீர்கள். புது ஸ்ட்ரக்ட், புதுக் கட்டளை எண்.