வாசகர் கேள்விகள்: மின்சாரமும் ஒளியும் நாமாகப் படிக்க எந்தப் புத்தகம்?

கேள்வி: பிளஸ் டூ முடித்துப் பத்து வருஷம் ஆகிறது. மின்னியல், காந்தவியல், ஒளியியல் மூன்றையும் நானாகவே படிக்க ஆசை. எல்லோரும் கிரிஃபித்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வாங்கலாம், ஆனால் முதலில் அதை வாங்க வேண்டாம். டேவிட் கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் நூலில் முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் நுண்கணிதம். ஏற்கெனவே பழகியவருக்கு அது நினைவூட்டல். புதியவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார், மின்சாரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள வளையத்தில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. மையத்தில் மின்புலம் சுழி. அச்சின் வழியே விலக விலகக் கூடி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு குறையும். உச்சம் எங்கே? புத்தகம் பார்க்காமல் 7.07 செ.மீ. (ஆரத்தை √2-ஆல் வகுத்தது) என்று வருவித்துவிட்டால் கிரிஃபித்ஸுக்குப் போகலாம். தொகையிடலிலோ வகையிடலிலோ தடுக்கினால், தமிழ்நாடு பாடநூலின் பிளஸ் டூ இயற்பியல் முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். நிலைமின்னியலில் ஆரம்பித்து மின்காந்த அலைகள் வரை அதிலேயே இருக்கிறது.

அடுத்தது எச்.சி. வர்மாவின் இரண்டு பாக இயற்பியல் நூல். இங்கே பலர் ஏமாறுவது ஒன்று உண்டு: ஒளியியல் முதல் பாகத்தில், மின்னியல் இரண்டாம் பாகத்தில். கணக்குகளை விடாமல் போட வேண்டும். வாசித்தால் மட்டும் புரிந்தமாதிரிதான் இருக்கும்.

பழைய புத்தகக் கடையில் எட்வர்ட் பர்செலின் மின்சாரம், காந்தவியல் நூல் கிடைத்தால் பதிப்பைப் பாருங்கள். அருமையான நூல், நகரும் மின்னூட்டத்திலிருந்து காந்த விசை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சார்பியல் வழியே காட்டுவதில் அதற்கு இணை குறைவு. ஆனால் முதல் இரண்டு பதிப்புகளும் காஸியன் அலகில். கூலூம் விதியில் 'நான்கு பை எப்சிலான்' இருக்காது, காந்தப்புலம் டெஸ்லாவில் இல்லாமல் காஸில் வரும் (1 டெஸ்லா = 10,000 காஸ்). இன்னொரு நூலோடு சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். 2013-இல் மோரின் சேர்ந்து வெளியிட்ட மூன்றாம் பதிப்பு எஸ்.ஐ. அலகில் இருக்கிறது, அதையே தேடுங்கள்.

கேள்வி: ஹெக்ட் எழுதிய ஒளியியல் நூலில் லென்ஸ் கணக்கு போட்டால் விடை தப்பாகவே வருகிறது. ஏன்?

பதில்: குறி மரபு (எந்தத் தூரத்துக்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்ற வழக்கம்) வேறு. குவியத்தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்ஸ், பொருள் 30 செ.மீ. தூரத்தில். நம் பாடநூலில் பொருளின் தூரம் –30; ஆகவே 1/20 – 1/30 = 1/60, பிம்பம் 60 செ.மீ.யில். ஹெக்டில் பொருள் தூரம் +30, சூத்திரத்திலும் கழித்தல் இல்லாமல் கூட்டல், அங்கேயும் 60-தான். நம் சூத்திரத்தில் அவர் குறியைப் போட்டால் 1/20 + 1/30, அதாவது 12 செ.மீ. வரும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். நோட்டின் முதல் பக்கத்தில் எந்த மரபு என்று எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: விளிம்பு விளைவை (ஒளி நுண்ணிய தடங்களில் பட்டு வளைந்து பரவுவதை) வீட்டில் பார்க்க முடியுமா?

பதில்: ஒரு பழைய சி.டி. போதும், அதன் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரான். அட்டையில் துளையிட்டு, அதன் வழியே சிவப்பு லேசரை (650 நானோமீட்டர்) 50 செ.மீ. தள்ளி நிற்கும் சி.டி.மேல் நேராக விடுங்கள். துளையிலிருந்து சுமார் 22 செ.மீ. விலகி அட்டையில் புள்ளி விழும். டி.வி.டி.யில் தடங்கள் நெருக்கம் என்பதால் புள்ளி இன்னும் வெகுதூரம் தள்ளிப் போகும். பட்டுத் திரும்பும் கதிர் கண்ணில் படாதபடி உட்காருங்கள்.