கடையும் கம்ப்யூட்டரும்: பிளவுஸ் பிட் இல்லாத புடவைக்கு "உண்டு"ன்னு ஏன் வருது?

கேள்வி: பினாங்கு லெபோ பாசார் பக்கம் எங்களுக்குப் புடவைக்கடை. தீபாவளிக்குள்ள ஆன்லைன்ல போடணும்னு எல்லாத்தையும் பிம்கோர்ல (சரக்கு விவரமெல்லாம் ஒரே இடத்துல வைக்கிற சாஃப்ட்வேர்) ஏத்திக்கிட்டு இருக்கோம். ஒவ்வொரு புடவைக்கும் நீளம், துவைக்கிற முறைன்னு ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப அடிச்சு கை ஓய்ஞ்சு போனதால, மேல ஒரு டெம்ப்ளேட் வச்சு கீழ இருக்கிறது தானா எடுத்துக்கிற மாதிரி செஞ்சோம். இப்ப பிளவுஸ் இல்லாத புடவைக்கும் "பிளவுஸ் பிட் உண்டு"ன்னு காட்டுது. எங்க தப்பு பண்ணோம்? (வாசகி, பினாங்கு)

பதில்: அக்கா, நீங்க அந்த கட்டத்த காலியா விட்டிருப்பீங்க, அதான் விஷயம். கிளாஸ்ல (என்னென்ன ஃபீல்ட் இருக்கணும்னு சொல்ற அமைப்பு) இன்ஹெரிட், அதாவது மேல உள்ளத கீழ எடுத்துக்கோன்னு டிக் பண்ணிட்டா, கீழ உள்ள ப்ராடக்ட்ல காலியா இருக்கிற ஃபீல்டுக்கு "இல்ல"ன்னு அர்த்தம் கிடையாது, "மேல போய் பாத்து எடுத்துக்கோ"ன்னுதான் அர்த்தம். மேல "உண்டு"ன்னு இருக்கு, அது அப்படியே இறங்கி வந்துடுச்சு. பிளவுஸ் பிட்டுக்கு ஒரு செலக்ட் ஃபீல்ட் வச்சு "ஒட்டி வருது", "தனியா வருது", "இல்ல"ன்னு மூணு சாய்ஸ் குடுங்க. இல்லாத புடவைக்கு "இல்ல"ன்னு நீங்களே தேர்வு பண்ணணும், அப்பதான் அது மேல பாக்காது. கஸ்டமர் பார்சல பிரிச்சு பிளவுஸ தேடுறதுக்கு முன்னாடியே இத பாத்துட்டீங்க, நல்லதாப் போச்சு.

இன்னொன்னும் கவனிங்க, நீளமும் பிளவுஸும் ஜோடி. வெறும் புடவை 5.5 மீட்டர், 80 சென்டிமீட்டர் பிளவுஸ் ஒட்டி வந்தா 6.3 மீட்டர். நீளத்த மேலயும் பிளவுஸ கீழயும் வச்சீங்கன்னா ஒன்ன மாத்தும்போது இன்னொன்னு பழசாவே நிக்கும், ஒண்ணா மாறுறத ஒரே இடத்துல வைங்க. துவைக்கிற முறை துணியப் பொறுத்தது, அதனால "பட்டு", "பருத்தி"ன்னு நடுவுல ஒரு படி போட்டு அங்க எழுதினா போதும், பட்டுக்கு ட்ரை கிளீன், பருத்திக்கு பச்சத்தண்ணில கையால அலசணும்னு. கலரு, பார்டர், போட்டோ, விலை நாலும் அந்தந்த புடவையிலதான் இருக்கணும், விலைய மட்டும் தயவுசெஞ்சு மேல வைக்காதீங்க, ஒரு ஆள் தெரியாம மேல தொட்டா கடை முழுக்க விலை மாறிடும்.

அப்புறம் "கல்யாணப் புடவை", "தீபாவளி ஆஃபர்"னு டெம்ப்ளேட் போடணும்னு தோணும், வேணாம். அதெல்லாம் கேட்டகிரி. ஆஃபர் முடிஞ்சு புடவைய வேற இடத்துக்கு நகத்தினா அது பழைய பேரண்ட்கிட்ட (மேல இருந்த டெம்ப்ளேட்) வாங்கின நீளம், துவைக்கிற முறை எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டுப் போயிடும்.

என் அனுபவம் ஒன்னு சொல்றேன். நான் முன்ன வேலை பாத்த பாத்திரக்கடையில குத்துவிளக்கு எல்லாத்துக்கும் மேல ஒரே டெம்ப்ளேட், "புளி போட்டுத் தேய்க்கவும்"னு அதுல இருந்துச்சு. எடைய திருத்துறதுக்கு எக்செல்ல இறக்கினேன், இறங்கின ஃபைல்ல மேலருந்து வந்த வாசகமும் ஒவ்வொரு வரிசையிலயும் நிரம்பி இருந்தத நான் கவனிக்கல, எடைய மட்டும் மாத்தி முழுசா திரும்ப ஏத்திட்டேன். அதோட ஒவ்வொரு விளக்கும் அந்த வாசகத்த தன்னோட சொந்தமா வச்சுக்கிச்சு. கொஞ்ச நாள் கழிச்சு லாக்கர் (வார்னிஷ் மாதிரி பளபளப்புப் பூச்சு) பூசின விளக்கு வர ஆரம்பிச்சுது, அதுல புளி போட்டா பூச்சு போயிடும், மேல வாசகத்த மாத்தினேன், கீழ ஒன்னுகூட மாறல. ஒவ்வொன்னா திறந்து அழிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. அதனால எக்செல்ல ஏத்தும்போது எஸ்கேயு (ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள தனி குறியீடு) காலமும் நீங்க திருத்தின காலமும் மட்டும் இருக்கட்டும், மத்தத டிலீட் பண்ணிடுங்க.

கேள்வி: செந்தூல்ல மசாலாத்தூள் அரைச்சு விக்கிறேன். மல்லி, மிளகா, கறிமசாலா, ஒவ்வொன்னும் 100 கிராம், 250 கிராம், 1 கிலோ. அகேனியோல (இதுவும் பிம்கோர் மாதிரி சரக்கு விவரம் வைக்கிற சாஃப்ட்வேர்) எப்படி அடுக்குறது? ஒரு பொடிக்கு ஒரு பார்கோட் போதுமா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: போதாது அண்ணே, ஒவ்வொரு எடைக்கும் தனி பார்கோட். மலேசியாவுல வாங்கினா 955ல ஆரம்பிக்கும். "மசாலாத்தூள்"னு ஒரே ஃபேமிலி, அதுல மல்லி ஒரு மாடல், மிளகா ஒரு மாடல், எடைதான் வேரியண்ட். என்னென்ன சேந்திருக்கு, எப்படி வைக்கணும்ங்கிறது மாடல்ல ஒரு தடவ எழுதினா மூணு எடைக்கும் இறங்கிடும், பார்கோடும் எடையும் படமும் கீழ. மல்லியையும் மிளகாயையும் ஒரே மாடலுக்குள்ள வேரியண்டா போட்டுடாதீங்க, உள்ள இருக்கிற சாமானே வேற, அலர்ஜி இருக்கிறவங்க நம்பி வாங்குறது அந்தப் பட்டியலைத்தான்.

அகேனியோல வேரியண்ட் ரெண்டு படிதான் போகும், ஒரு படிக்கு எடை மாதிரி பிரிக்கிற விஷயம் அஞ்சு வரைக்கும் வச்சுக்கலாம். உங்களுக்கு ஒரு படியே தாராளம். ஆனா ஃபேமிலி வேரியண்ட (ஒரு ஃபேமிலி எப்படிப் பிரியுதுங்கிற அமைப்பு) சேவ் பண்ணினப்புறம் எத்தன படி, எதால பிரியுதுங்கிறத மாத்த முடியாது, அதனால நாளைக்கு பாட்டில், பாக்கெட்னு ரெண்டு விதமா விப்பீங்களான்னு வீட்ல உக்காந்து பேசிட்டு, ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு ஏத்துங்க. எக்ஸ்பயரி தேதிய இதுல தேடாதீங்க, அது அரைக்கிற பேட்சுக்குப் பேட்ச் மாறும், ஸ்டாக் கணக்குல வரணும்.

கேள்வி: மெஜண்டோல (ஆன்லைன் கடை நடத்துற சாஃப்ட்வேர்) டிஃபால்ட் ஆட்ரிபியூட் செட்ட, அதாவது சரக்குக்கான ஃபீல்டுகளோட தொகுப்ப, வச்சுத்தான் நகைக்கு ஒரு செட் போட்டேன். இப்ப டிஃபால்ட்ல புதுசா ஒரு ஃபீல்ட் சேத்தா நகையில வரவே மாட்டேங்குது. (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: வராதும்மா. அங்க "Based On"னு வர்றது போட்டோஸ்டாட் மாதிரி, செட் உருவாக்குற அந்த நேரத்துல காப்பி எடுக்கும், அதோட ரெண்டுக்கும் ஒட்டு உறவு இல்ல. புது ஃபீல்ட நகை செட்லயும் நீங்களே இழுத்துப் போடணும், வேற செட் இருந்தா அதுலயும்.