பஸ் ரூட் போடுவதற்கு நாலு வருஷப் படிப்பா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் பி.பிளான், அதாவது நகர்த் திட்டமிடல் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், "பஸ் ரூட் போடுறதுக்கெல்லாமா நாலு வருஷம் படிப்பாங்க?" என்று நீங்கள் சத்தம் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வாங்கும் பிள்ளை இப்படிச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். போக்குவரத்துத் திட்டமிடல் என்கிற அந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். அதையும் மழுப்பப் போவதில்லை.

உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம், இன்னொரு பக்கம் சுமார் இருபது கிலோமீட்டரில் சிவகாசி. கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில், மாவட்ட கோர்ட் உங்கள் ஊரில். நூற்பாலை ராஜபாளையத்தில், பட்டாசும் அச்சகமும் சிவகாசியில், பிள்ளைகள் படிக்கப் போவது கிருஷ்ணன்கோவில் பக்கம். ஒரு பெரிய நகரத்துக்குள் இருக்க வேண்டியதெல்லாம் நாலைந்து ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. மதுரைக்குள் ஒருவர் எத்தனை கிலோமீட்டர் அலைவாரோ அதே அளவு இங்கேயும் அலைகிறார்கள். ஆனால் இதை ஒரே நகரமாகப் பார்த்து யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

பார்க்காததால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2023இல் மத்திய அரசு பி.எம். இ-பஸ் சேவா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, 10,000 மின்சார பஸ்கள். 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களை முன்வைத்த திட்டம் அது. அதே கணக்கெடுப்பில் ராஜபாளையம் 1.3 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் முக்கால் லட்சம், 2021இல் ஒரே மாநகராட்சியான சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து 1.26 லட்சம். தனித்தனியே நின்றால் மூன்றும் வாசலுக்கு வெளியே. கூட்டிப் பாருங்கள், 3.3 லட்சம் வருகிறது. இந்த மூன்று ஊர்களும் நடைமுறையில் ஒன்றுதான் என்று யாராவது தரவை வைத்து வாதாட வேண்டும். அந்தத் தரவைச் சேர்ப்பதும் வாதாடுவதும்தான் உங்கள் மகள் படிக்க விரும்பும் படிப்பு.

இன்னொன்று, இதை வீட்டில் பெண்களிடம் கேட்டால் உடனே புரியும். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது பொதுவாகச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான், ஊர்விட்டு ஊர் போகும் மொபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். அப்படியானால் ஒரு டவுன் பஸ் எந்த ஊரோடு திரும்புகிறது என்பது வெறும் ரூட் விஷயம் இல்லை, தீப்பெட்டி ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ போகிற ஒரு பெண்ணின் மாதக் கூலியில் எவ்வளவு மிஞ்சும் என்கிற விஷயம். ரூட்டை அடுத்த ஊர் வரை நீட்டினால் எத்தனை பேர் ஏறுவார்கள், அதற்காக எந்த டிரிப்பைக் குறைக்க வேண்டும், அவர்கள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வண்டி இருக்குமா? யாரோ நோட்டும் பேனாவுமாக ஸ்டாப்பில் நின்று எண்ணாமல் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. பதில் கிடைக்காத ஊரில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஆளுக்கொரு பைக் வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பஸ்ஸில் ஆள் குறைய, ஆள் குறைந்ததால் டிரிப் குறைய, பைக் வாங்க முடியாதவர்கள்தான் ஸ்டாப்பில் காத்துக் கிடக்கிறார்கள்.

கணக்கு மட்டும் போதாது. அரசு பஸ் போக்குவரத்துக் கழகத்தின் கையில், தனியார் பஸ்ஸின் பெர்மிட் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக. ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு, பஸ் ஸ்டாண்டு நகராட்சிக்கு. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை இந்த மூன்று ஊர்களையும் கோத்துக்கொண்டுதான் போகிறது, ஆனால் அது ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கு. இத்தனை பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கச் சென்னைக்கு ஒரு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதுதான் கும்டா, இருக்கிறது. சிறு ஊர்க் கூட்டத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மண்டலத் திட்டத்துக்கு இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆள்தான் வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.பிளான் நாலு வருஷம். டெல்லி, போபால், விஜயவாடா மூன்று இடங்களிலும் மத்திய அரசின் திட்டமிடல் – கட்டடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன, எஸ்.பி.ஏ. என்பார்கள். போக்குவரத்தில் தனியாகத் தேர்ச்சி பெறுவது பெரும்பாலும் முதுநிலையில்தான். டெல்லி எஸ்.பி.ஏ.யில் போக்குவரத்துத் திட்டமிடலுக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. இன்னொரு வழி, பி.இ. சிவில் முடித்துவிட்டு திருச்சி என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மெட்ராஸ், கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் போக்குவரத்துப் பொறியியல் மேற்படிப்பு. அதற்கு கேட் என்கிற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பிடித்தால் அப்புறம் இது என்று நீங்கள் சொல்லும் யோசனை எனக்கு ஒப்பவில்லை. முதுநிலைத் திட்டமிடலில் பொதுவாகத் திட்டமிடல், கட்டடக்கலை, சிவில் இவற்றில் இளநிலை, இல்லாவிட்டால் புவியியல், பொருளியல் போன்றவற்றில் முதுநிலை முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், எஸ்.பி.ஏ. மூன்றில் ஒன்றில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கிடைக்காமல், பேர் தெரியாத ஒரு தனியார் கல்லூரி பி.பிளான் என்று விளம்பரம் செய்தால் அங்கே போக வேண்டாம். நல்ல அரசுக் கல்லூரியில் சிவில் எடுத்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பட்டும். சிவில் டிகிரிக்கு டி.என்.பி.எஸ்.சி. பொறியாளர் தேர்வுகளும் திறந்திருக்கும், உங்கள் பயத்துக்கு அது ஒரு பிடிமானம்.

வேலை எங்கே? பெரும்பாலும் கன்சல்டன்சிகளில்தான். சென்னை, பெங்களூரு, டெல்லி. தொடக்கச் சம்பளம் நல்ல சாப்ட்வேர் கம்பெனி கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வெயிலில் சர்வே எடுக்க வேண்டியும் வரும். மெட்ரோ ரயில் நிறுவனங்கள், கும்டா, ஐ.டி.டி.பி. போன்ற, நகரப் போக்குவரத்துக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தேர்வு நடக்கும். இடங்கள் குறைவு, வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்துகொண்டு செய்கிற வேலை இன்றைக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள் காலை ஏழு முதல் பத்து மணி வரை உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி வண்டி நிற்கும் இடத்தில் உட்காரட்டும், துணைக்கு நீங்களும் போங்கள். ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், படியில் தொங்கியவர்கள் எத்தனை, கூட்டம் பார்த்து ஏறாமல் நின்றவர்கள் எத்தனை என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். மாலையில் அதை எக்ஸெல்லில் ஏற்றி, கியூஜிஸ் என்கிற இலவச வரைபட மென்பொருளில் ரூட்டை வரைந்து பார்க்கட்டும். முதல் மணி நேரத்திலேயே சலித்துப்போனால், பேரைக் கேட்டு ஆசைப்பட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வண்டி ஏன் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பக் கூடாது என்று வீட்டுக்கு வந்து உங்களிடமே கேட்டால், தடுத்துப் பிரயோஜனம் இல்லை.

விஜயவாடா தூரமாயிற்றே, ஹாஸ்டல் எப்படியோ என்று வீட்டம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சேரும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத்தில் எல்லோரும் பொறியியலுக்கான முதல் தாளை மட்டும் டிக் செய்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பி.பிளானுக்கு வேண்டியது தாள் 2பி. கணிதம், பொதுத் திறன், திட்டமிடல் சார்ந்த கேள்விகள் வரும். பி.ஆர்க். போல வரைதல் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து 2பி-யைத் தேர்வு செய்தார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.