சூரியகாந்தி தலை குனிந்தால் போத்தல் வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறேன். போனில் விளம்பரம் பார்த்து, 'அமெரிக்கன் ராட்சத சூரியகாந்தி' என்று பத்து விதை 950 ரூபாய்க்கு எடுத்தேன். ஐப்பசிக் கடைசியில் முன் வளவில் ஊன்றினேன். ஆறு முளைத்தது. இரண்டை மயில் கிள்ளிவிட்டது. மிச்சம் நாலும் என் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, பொங்கலை ஒட்டி, மழைத் தூறலுக்குள்ளேயே பூத்தன. இப்போது நாலும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கின்றன. சூரியனோடு திரும்புவதும் இல்லை. சில விதைகளை உடைத்துப் பார்த்தேன், உள்ளே வெறும் கோது. பசளை விற்கும் அண்ணா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மண்ணில் சத்தில்லை, இந்தத் திரவத்தை அடித்தால் விதை பிடிக்கும் என்று 3,800 ரூபாய் போத்தல் ஒன்றைக் காட்டுகிறார். அரை ஏக்கரில் போட்டால் விதையைத் தாங்களே திருப்பி வாங்குவார்களாம். போத்தலை வாங்கவா, செடியைப் பிடுங்கவா?

பதில்: தங்கச்சி, போத்தலை வாங்க வேண்டாம். செடியைப் பிடுங்கவும் வேண்டாம். இனி ஆறுதலாகப் படியுங்கள்.

தலை குனிவது நோய் இல்லை. பூ முற்ற முற்றத் தட்டு பாரமாகும், கழுத்து வளையும். அது நல்லதுதான். குனிந்த தலையில் மழைத்தண்ணீர் தங்காது, கிளியும் வசதியாகக் குந்தி இருந்து தின்னாது. சூரியனோடு திரும்பவில்லை என்கிறீர்களே, அதுவும் சரிதான். இளம் செடிதான் திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூட வளரும், அதனால் தலை மேற்கே சாயும். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்குள் தலை பழையபடி கிழக்கே வந்துவிடும். செடி வளர்ந்து முடிந்தால் இந்த ஆட்டமும் முடிந்தது. பூத்த சூரியகாந்தி கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். விடிய வெயில் முகத்தில் பட்டுப் பூ வேளைக்கே சூடேறும், சூடான பூவைத் தேடித் தேனீ கூட வரும் என்று 2016 இல் கலிபோர்னியாவில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் நாலும் எந்தப் பக்கம் பார்க்கின்றன? கிழக்காகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

சரி, கோதுக்கு வருவோம். உங்கள் உண்மையான கவலை அதுதான்.

சூரியகாந்தியை நாங்கள் ஒரு பூ என்கிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை. சுற்றிவர நிற்கும் மஞ்சள் இதழ்கள் தேனீயைக் கூப்பிடும் கொடிகள் மாதிரி, அவை விதை கட்டாது. நடுத்தட்டில் நெருங்கி நிற்கிறதே சின்னச் சின்னக் குழாய்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு பூ. பெரிய தட்டென்றால் ஆயிரம், இரண்டாயிரம் இருக்கும். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, ஒரு கிழமைக்கு மேல் வட்டம் வட்டமாக விரியும். ஒவ்வொரு குழாய்க்கும் மகரந்தம் வந்து சேரவேண்டும், அதுவும் பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தம். தன் தூளைத் தானே ஏற்றுக்கொள்ளும் இனங்கள் இருந்தாலும், பழைய வீட்டு இனங்களில் பல அப்படி ஏற்காது. அந்தத் தூளைக் கொண்டுவந்து கொட்டுவது தேனீயின் வேலை. உங்கள் பூ விரிந்த கிழமை தூறல். வன்னிக் காட்டுத் தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். மழைக்குள் தேனீ வெளிக்கிடாது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். நாலே நாலு செடி, நனைந்து ஊறிய தூள், கூட்டுக்குள் அடைந்து கிடக்கும் தேனீ. கோதுதான் மிஞ்சும்.

இன்னொன்றும் இருக்கலாம். சாடியில் வைக்கும் பூவுக்கென்று மகரந்தமே இல்லாத இனங்களை உண்டாக்கியிருக்கிறார்கள், மேசைவிரிப்பில் மஞ்சள் கொட்டக்கூடாதாம். பூ விரிந்த நாட்களில் தட்டை விரலால் தொட்டபோது மஞ்சள் ஒட்டியதா என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டவே இல்லை என்றால், உங்களுக்கு விற்கப்பட்டது சாடிப் பூ. பக்கத்தில் வேறு சூரியகாந்தி இல்லாமல் அதில் விதை வராது. பைக்கற்றில் இனத்தின் பெயர் இருந்ததா? இருந்திருக்காது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் அலுமாரிக்குள் இருக்கிறது, விதை போனுக்குள் விற்கிறது. பத்து விதை 950 ரூபாய் என்றால் ஒரு விதை 95 ரூபாய். அந்தக் காசுக்கு முறிகண்டியில் எவ்வளவு கச்சான் வாங்கலாம்!

நடுத்தட்டு விதைகள் எந்த நல்ல பூவிலும் கொஞ்சம் கோதாகத்தான் இருக்கும். நடுவில் கிள்ளிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஓரத்து வரிசையை உடைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் போத்தல். பூ விரிந்தபோது மகரந்தம் சேராத விதைக்குள் உலகத்தில் எந்தத் திரவமும் பருப்பை வைக்காது. காலம் போய்விட்டது, அவ்வளவுதான். மண்ணில் சத்தில்லை என்கிறாரே, உங்கள் உயரத்தை மீறிச் செடி வளர்ந்ததே, அது எதைத் தின்று வளர்ந்தது? 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது எங்கள் பக்கத்தில் இந்தப் போத்தல் வியாபாரம் மழைக்காளான் மாதிரி முளைத்தது. அதே ஆண்டு கடைசியில் தடை போய்விட்டது, போத்தல்கள் போகவில்லை. கடற்பாசி, மீன், 'நனோ', ஹோமோன் என்று லேபலில் என்னவும் எழுதலாம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் கமக்காரர்கள் இப்படிப்பட்ட போத்தல்களோடு வந்து, 'இதை அடிக்கலாமா ஐயா' என்று கேட்பார்கள். நான் அநேகமாகக் கதிரையில் இருக்கமாட்டேன். எங்கோ ஒரு கூட்டத்தில், எத்தனை பேருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தேன் என்று படிவம் நிரப்பிக்கொண்டிருப்பேன். கதவு பூட்டிக் கிடந்தால் சனம் என்ன செய்யும்? திறந்திருக்கிற கடைக்குப் போகும். அந்தப் பசளை அண்ணாவை மட்டும் குறை சொல்லி என்ன?

ஆனால் குனிந்த தலை எல்லாமே சுகமான தலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் பூ மழையில் நனைந்ததால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலையழுகல். மழையோடு பூத்த செடியில், தட்டின் முதுகில் கிளியோ புழுவோ போட்ட சின்னக் காயத்தால் பூஞ்சணம் உள்ளே போகும். முதலில் முதுகில் தண்ணீர் ஊறின மாதிரி ஒரு மண்ணிறத் திட்டு. பிறகு அது பரவி, உள்ளே சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் பூஞ்சணம் படரும். தூரத்தில் நின்று பார்த்தால் முற்றிய தலையும் அழுகிய தலையும் ஒரே நிறம், அதில்தான் சனம் ஏமாறும். பெருவிரலால் முதுகை அழுத்துங்கள். முற்றிய தலை பழைய செருப்புத்தோல் மாதிரி இறுக்கமாக நிற்கும், விரல் போகாது. அழுகிய தலையில் விரல் பொதுக்கென்று உள்ளே இறங்கும், கையில் ஈரம் ஒட்டும், கூடாத மணம் வரும். ஓரிடத்தில் மட்டும் அழுத்திவிட்டு வராதீர்கள். காம்பு சேரும் இடத்தில், நடுவில், ஓரத்தில் என்று மூன்று நாலு இடம் பாருங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் நல்லாயிருந்து மறுபக்கம் அழுகியிருக்கும். நாலு செடியையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று அழுகியதால் மற்றதும் அழுகியிருக்கவேண்டும் என்றில்லை. விரல் இறங்கினால் அந்தத் தலையை ஒரு சாண் தண்டோடு வெட்டி எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், கோழிக்கும் வேண்டாம். அதற்கும் போத்தல் மருந்து கிடையாது.

விரல் இறங்காத தலைகளுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். முதுகு பச்சை மாறி மஞ்சளாகி, ஓரத்துச் செதில் இலைகள் மண்ணிறமாகும்போது தண்டோடு வெட்டி, விறாந்தையில் காற்றுப்படத் தலைகீழாகக் கட்டுங்கள். அதுவரை கிளிக்கு மறைக்கப் பழைய நுளம்பு வலைத்துண்டு போதும். பொலித்தீன் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்து நீங்களே அழுகவைப்பீர்கள். கிளிநொச்சி என்று ஊருக்கே கிளியின் பெயரை வைத்துவிட்டு, அது விதை தின்னக்கூடாது என்றால் நடக்குமா?

அரை ஏக்கர் கதைக்கு வருகிறேன். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். வேறொரு செடிக்கு இதே பேச்சை நம்பி நட்டவர்களின் வீட்டு விறாந்தையில் மூட்டை அடுக்கிக் கிடந்ததை நான் கண்ணால் கண்டவன். நாற்றுக்குக் காசு முதலே வாங்கிவிட்டார்கள். அறுவடைக்கு வந்தபோது 'ஈரம் கூட', 'தரம் காணாது' என்றார்கள், பிறகு போனே வேலை செய்யவில்லை. அவர் திருப்பி வாங்குவாராம் என்றால் நாலே கேள்வி கேளுங்கள். கிலோ என்ன விலை? எவ்வளவு ஈரம்வரை எடுப்பீர்கள்? எந்தத் திகதிக்குள் காசு? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? நாலாவது கேள்வியோடு அவருக்கு அவசர வேலை வந்துவிடும். விதையை அவரே விற்று, போத்தலை அவரே விற்று, விளைச்சலையும் அவரே வாங்குவார் என்றால், அவருடைய இலாபம் முதல் இரண்டிலேயே முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு அவர் ஏன் வரவேண்டும்?

பூ பார்க்கவும், பிள்ளைகள் வறுத்துத் தின்னவும் என்றால் திரும்ப ஊன்றுங்கள். பிழை மண்ணில் இல்லை, மாதத்தில். எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை போகும். அதற்குள் பூக்கிற மாதிரி ஊன்றினால் இதே கதைதான். மழை விட்டு ஈரம் மண்ணில் கிடக்கும்போது, தைக் கடைசியிலோ மாசி முதலிலோ ஊன்றினால், பங்குனிக் கடைசி, சித்திரை என்று வெயிலில் பூக்கும், தேனீயும் வரும். இன்னும் பிந்தி விடாதீர்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று எழும்பினால் ஆள் உயரச் செடியை வேலியோடு சாய்த்துவிடும்.

வயலை ஒட்டிய வளவென்றால் தண்ணீர் தேங்கும், ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். நாள் முழுதும் வெயில் படவேண்டும், முருங்கை நிழல் கூடாது. விதை ஓர் அங்குல ஆழம், செடிக்குச் செடி ஒன்றரை அடி. பத்துச் செடியாவது, ஒரே வரிசையாக இல்லாமல் கூட்டமாக. சாடியில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் செடி குறண்டிப்போகும். மக்கிய மாட்டெரு பாத்திக்கு இரண்டு கடகம் போதும். யூரியா அள்ளிப் போட்டால் இலைதான் மதாளித்து வரும், தண்டு சோர்ந்து விழும். முளை வந்து இரண்டு கிழமைக்கு முள்ளுக்கிளை பரப்பி மயிலிடமிருந்து காப்பாற்றுங்கள். பூ விரிந்த கிழமை, விடிய எட்டு ஒன்பது மணிக்கு இரண்டு தட்டுகளை முகத்தோடு முகம் மெதுவாக உரசிவிடுங்கள். தேனீ வந்தாலும் வராவிட்டாலும் விதை பிடிக்கும். காசில்லாத மருந்து அது.

உங்கள் செடியில் ஓரத்து வரிசையில் பருப்புள்ள விதை கிடைத்தால் அதையும் ஊன்றிப் பார்க்கலாம். கலப்பின விதையாக இருந்தால் தாய் மாதிரியே வராது, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வரும். வீட்டு முற்றத்துக்கு அது குறையா?

விரல் எங்கே இறங்கியது, எங்கே இறங்கவில்லை என்று எழுதுங்கள். படம் அனுப்புவதென்றால் பூவின் முகம் எனக்கு வேண்டாம், முதுகைப் பிடித்து அனுப்புங்கள்.