விக் வைத்த ஆண்களும் மூச்சு வாங்கும் நாயகியும்

கேள்வி: நாயகி இருபது பேரை அடித்துப் போட்டாலே 'பவர்ஃபுல்லான பெண்' என்கிறார்கள். எனக்கு நம்பும்படியாகவே இல்லை. குறை என்னிடமா, படத்திலா?

பதில்: படத்தில்தான். பல வருடம் எடிட்டிங் மேசையில் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டியவன் நான். நாயகியின் அடியில் நம்பிக்கை இல்லாதபோதுதான் ஷாட்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்குவோம். கை ஓங்குவது ஒன்று, கூந்தல் பறப்பது ஒன்று, ஆள் விழுவது ஒன்று. அடி எங்கே என்று தேடினால் கிடைக்காது! முதுகு தெரிந்தால் அது டூப். அந்த டூப்பும் வெகுகாலம் விக் வைத்த ஆண்தான். ஹாலிவுட்டில் இதற்கு 'விக்கிங்' என்று பெயரே உண்டு. இத்தனைக்கும் ஊமைப்படக் காலத்திலேயே ஸ்டண்ட் நடிகை ஹெலன் கிப்சன் ஓடும் ரயில்மேல் குதித்திருக்கிறார்.

2017இல் வந்த 'அட்டாமிக் ப்ளாண்ட்' படத்தின் படிக்கட்டுச் சண்டையைப் பாருங்கள். இயக்குநர் டேவிட் லீச் ஸ்டண்ட் கலைஞராக இருந்தவர். ஒட்டு தெரியாமல் ஒரே ஷாட்போலக் கோத்திருப்பார். போகப்போக நாயகி சார்லிஸ் தெரோனுக்கும் எதிராளிக்கும் நிற்கவே தெம்பு இருக்காது. தள்ளாடி விழுந்து, எழுந்து மறுபடி அடிப்பார்கள். எனக்கு அவர் பலசாலியாகத் தெரிந்தது அந்தத் தள்ளாட்டத்தில்தான்.

ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் சண்டை முடிந்து நாயகி குனிந்து மூச்சு வாங்குவாள். 'அழகு கெடுகிறது' என்றார்கள், வெட்டினேன். அதே படத்தில் நாயகன் மூச்சிரைப்பது ஸ்லோமோஷனில் அப்படியே போனது.

கேள்வி: குடும்பத்தில் யாராவது செத்தால்தான் நாயகி துப்பாக்கியைத் தொடுவாளா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். நாயகனுக்கு மட்டும் 'இதுதான் என் வேலை' என்றால் போதும்.

கேள்வி: அடிக்காமலே பலம் காட்டிய நாயகி யாராவது?

பதில்: 1979இல் வந்த 'ஏலியன்' படத்தில் விண்கலத்து அதிகாரியாக வரும் ரிப்ளி. எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறித்திருந்தார்கள். அதனால் 'பெண்தானே என்று நினைக்காதே' மாதிரி பஞ்ச் டயலாக் எல்லாம் இல்லை. முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்ட சக ஊழியரைத் தூக்கிக்கொண்டு கேப்டன் வாசலில் நிற்கிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி, கதவைத் திறக்க முடியாது என்கிறாள் ரிப்ளி. கேப்டன் உத்தரவு போட்டும் அசையவில்லை. கதவை வேறொருவர் திறந்துவிடுகிறார். உள்ளே வந்த அந்த வேற்றுக்கிரக ஜந்துவால் அப்புறம் கப்பலில் ஒவ்வொருவராகச் செத்தார்கள்.