ப்ளூஸ் வாசிக்க எத்தனை கட்டை வேண்டும்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மூன்று வருடமாகக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறான். இப்போது யூடியூப் பார்த்து ஜாஸ், ப்ளூஸ் என்று பிடித்துக்கொண்டான். தானாகவே கற்பனை செய்து வாசிக்க வேண்டுமாம், அதற்கு 88 கட்டை டிஜிட்டல் பியானோதான் வேண்டுமாம். விலை 45,000 ரூபாய். எங்களுக்குப் படகு வருமானம்தான். 15,000 வரை புரட்டலாம். என்ன வாங்குவது?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: பதினைந்துக்குள் முடித்துவிடலாம்மா. பையன் கோபித்துக்கொண்டால் இதைப் படிக்கக் கொடுங்கள்.

ப்ளூஸ் என்பது பெரும்பாலும் பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்று. பாருக்கு நான்கு எண்ணிக்கை. சி-யில் வாசித்தால் சி செவன் (சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டு) நாலு பார், எஃப் செவன் இரண்டு, திரும்பவும் சி செவன் இரண்டு, அப்புறம் ஜி செவன் ஒன்று, எஃப் செவன் ஒன்று, கடைசியாக சி செவன் இரண்டு. தாளம் போல இது சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே வலது கை மனோதர்மம் செய்யும். நம் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரத்தோடு ஒரு பிரதி மத்யமத்தைச் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல் கையில் இருக்கிறது. சி செவனுக்கு இடது கையில் மூன்று விரல் போதும்: சி, ஈ, பி ஃபிளாட். மொத்தமும் மூன்று ஆக்டேவுக்குள் (ஒரு ஆக்டேவ் என்பது ச முதல் மேல் ச வரை) அடங்கிவிடும். 61 கட்டையில் ஐந்து ஆக்டேவ் இருக்கிறது. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸி கச்சிதமான நாலு ஸ்வரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கே பேர்போனவர். பையனை அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: டச் ரெஸ்பான்ஸ். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தினால் சத்தமாகக் கேட்க வேண்டும். ப்ளூஸில் ஒரு ஸ்வரத்தை அடித்து அடுத்ததை விழுங்குவார்கள், உயிரே அதில்தான். அந்த வசதி இல்லாத பெட்டியில் எல்லாம் ஒரே சத்தத்தில் வந்து விழும், தந்தி அடித்த மாதிரி. கேசியோவில் சிடி-எஸ்200க்கு இது கிடையாது, சிடி-எஸ்300க்கு உண்டு. யமஹாவில் பிஎஸ்ஆர்-ஈ273க்கு இல்லை, ஈ373க்கு உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால் பில் போடும்போது மாடல் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள்.

கடைக்குப் பையனையும் கூட்டிப்போங்கள். டெமோ பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். அது எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். நடுவிரலை ஈ ஃபிளாட் கறுப்புக் கட்டையில் வைத்து, அப்படியே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி இறக்கச் சொல்லுங்கள். பியானோவில் கமகம் கிடையாது. அதற்குப் பதில் ப்ளூஸ்காரர்கள் செய்வது இந்த வழுக்கலைத்தான். விரல் தடங்காமல் இறங்கினால் சரி. சின்னக் கட்டை போட்ட பெட்டி வேண்டவே வேண்டாம். பெடல் மாட்டத் துளை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

88 கட்டை வீண் என்று சொல்லவில்லை. கனமான கட்டையில் விரலுக்கு நல்ல பழக்கம் வரும். இரண்டு வருடம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் அப்போது வாங்கலாம்.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. ஜன்னலோரம் வைத்திருந்த என் ஆர்மோனியத்தை ஒரு மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தேன். பித்தளை நாக்குகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன, இரண்டு ஊமையாகிவிட்டன. கீபோர்டில் பிளக் செருகும் இடமும் கட்டைக்கு அடியில் உள்ள தொடர்புகளும்தான் முதலில் போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரத்தால் வரும் கோளாறு வாரண்டியில் சேருமா என்று கார்டில் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

தவணையில் எடுப்பதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதை மனதில் வைத்துக் கையெழுத்துப் போடுங்கள். (அதுவும் 61 நாள்தான், கட்டை எண்ணிக்கை மாதிரியே.) ‘வட்டியில்லாத் தவணை’யிலும் பிராசஸிங் கட்டணம் என்று ஒன்று ஒளிந்திருக்கும், கேளுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பியவன் நான். ‘30 நாளில் ஜாஸ் பியானோ’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ரூபாய் கட்டி, ஏழு நாள் சோதனைக்குச் சேர்ந்தேன். எட்டாம் நாளே 2,499 ரூபாய் போய்விட்டது. நிறுத்த வழியைத் தேடித் தேடிப் பார்த்தேன், பட்டனே இல்லை.
– வாசகர், கீழக்கரை

பதில்: அவர்களுடைய செயலியில் தேடாதீர்கள் பாய். நீங்கள் பணம் கட்டிய யுபிஐ செயலியைத் திறந்து ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போனால் அந்த அனுமதி இருக்கும். அங்கேயே ரத்து செய்துவிடலாம். கார்டு என்றால் வங்கியிடம் சொல்லுங்கள். இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வந்ததா என்று தேடிப்பாருங்கள். சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைச் சிரமமாக்கும் இந்த வித்தைக்குச் சந்தாப் பொறி என்று பெயர். 2023இல் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று முறைகளில் இதுவும் ஒன்று. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள்.

30 நாளில் அந்தப் பன்னிரண்டு பார் சுற்று தடுமாறாமல் கைக்கு வந்தாலே பெரிய விஷயம். பாடம் எடுப்பவர் ஒரு சின்ன இசைத் துணுக்கை வாசித்துக்காட்டி, ‘நீங்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்’ என்று இடம் விடுகிறாரா? அப்படியானால் அந்த வகுப்புக்கு மாதாமாதம் கட்டலாம். பிடிஎஃப் நோட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அது வேறு வியாபாரம். எப்படியானாலும் வருடச் சந்தா மட்டும் வேண்டாம்.

கேள்வி: மதுரையில் வாங்கிய கீபோர்டில் மூன்றே வாரத்தில் இரண்டு கட்டை பேசவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகி, மண்டபம்

பதில்: அந்த முத்திரை பழுதான பொருளைக் காப்பாற்றாது. பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்றே அந்த இரண்டு கட்டையையும் அழுத்தி வீடியோ எடுத்து, கடிதத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வழக்கு வரை போனாலும் மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் ராமநாதபுரம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் தொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.