ஹெல்த் இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி எடுத்தாச்சு, டிரம்ப் வரியும் வந்தாச்சு. சாதாரண குடும்பத்துக்கு இதுல நிஜமா என்ன மாறும்?

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கு பாக்கறேங்க. இத எழுதறது 2025 நவம்பர் மொத வாரம். டிவி விவாதத்துல ஜிஎஸ்டி ஒரு நாள், டிரம்ப் இன்னொரு நாள்னு தனித்தனியா பேசறாங்க, கட்சிக்காரங்களும் அப்படியே பிரிச்சு வெச்சு தான் சண்ட போடறாங்க. எங்க ஊருல இது ரெண்டும் ஒரே பிரச்சனை. அமெரிக்கா வரி போட்டா எங்க ஆளுங்களோட மருத்துவக் காப்பீடு ஆட்டம் காணுது, அது எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதில்.

மொதல்ல ஜிஎஸ்டி. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 18 சதவீதம் கட்டிட்டு இருந்தோம். நோய் வந்துருமோன்னு பயந்து போடற பாலிசிக்கு வரியான்னு எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 2024 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் வாசல்லயே நின்னு போராடுனாங்க, அதுக்கு முன்ன ஜூலைலயே ஆளுங்கட்சி மந்திரி நிதின் கட்கரி நிர்மலா சீதாராமனுக்கு இத எடுக்கச் சொல்லி லெட்டர் எழுதியிருந்தாரு. கடைசில 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி முடிவு பண்ணி, செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசி, குடும்பம் மொத்தத்துக்கும் ஒண்ணா எடுக்கற ஃப்ளோட்டர் பாலிசி, சீனியர் சிட்டிசன் பாலிசி எல்லாத்துக்கும் வரி இல்லன்னு ஆச்சு. நல்ல முடிவு, யார் பண்ணுனாலும் நான் வரவேற்பேன்.

ஆனா கணக்க போட்டு பாருங்க. 30,000 ரூபா பிரீமியம்னா முன்ன வரி 5,400 சேந்து 35,400. இப்ப 30,000. அடுத்த ரினியூவல்ல கம்பெனி அடிப்படை பிரீமியத்த 15 சதவீதம் ஏத்துனா 34,500, அதாவது மிச்சமான 5,400ல 4,500 போயிடுச்சு. வயசு அடுத்த ஸ்லாபுக்கு போனாலே ஏறும், ஆஸ்பத்திரி பில்லு ஏற ஏற இன்னும் ஏறும். 60 வயசு தாண்டுனவங்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ கிட்ட கலந்து பேசணும்னு 2025 ஜனவரில உத்தரவு போட்டாங்க, நாப்பது அம்பது வயசுக்காரங்களுக்கு அந்த மாதிரி தடுப்பு எதுவும் இல்ல. அதுபோக கம்பெனி மொத்தமா எடுக்கற குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே தான் இருக்குது, இத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. எங்க மாதிரி இடத்துல சூப்பர்வைசர், மெர்ச்சன்டைசருக்கெல்லாம் குரூப் பாலிசி தான்.

சரி, டிரம்ப் வரி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7ல போட்டது 25 சதவீதம், ரஷ்யா கிட்ட எண்ணெய் வாங்கறோம்னு சொல்லி ஆகஸ்ட் 27ல இன்னொரு 25, மொத்தம் 50. துணிக்கு ஏற்கனவே இருக்கற சுங்க வரி வேற இதுக்கு மேல. எங்களோட போட்டி போடற பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்ப 20 தான். திருப்பூர் வருஷத்துக்கு 40 ஆயிரம் கோடிக்கு மேல ஏத்துமதி பண்ற ஊரு, அதுல பெரிய பங்கு அமெரிக்காவுக்கு போறது. எங்க தொழில்ல மார்ஜினே ஒத்த இலக்கம், பையர் டிஸ்கவுண்ட் கேட்டா குடுக்க என்ன இருக்குது? முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு லெட்டர் போட்டாரு, மத்திய அரசு இறக்குமதி பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரிய டிசம்பர் 31 வரைக்கும் எடுத்துச்சு. பஞ்சு விலை குறையறது நல்லது தான், ஆனா ஆர்டரே வராத யூனிட்டுக்கு பஞ்சு விலை குறைஞ்சு என்ன பிரயோஜனம்?

இங்க தான் இஎஸ்ஐ வருது. மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருக்கற தொழிலாளிக்கு அவங்க பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. சம்பளம் 15,000னா தொழிலாளிக்கு 112 ரூபா 50 காசு, நாங்க 487 ரூபா 50 காசு, ரெண்டும் சேத்து 600 ரூபா. இந்த 600 ரூபாய்ல அவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் வைத்தியம், அவங்கள நம்பி இருக்கற அப்பா அம்மா உட்பட. வெளிய எந்த பாலிசியும் இந்தக் காசுக்கு வராது. இஎஸ்ஐல மருந்து இல்ல, க்யூ நீளம்னு நூறு குறை இருக்குது, அதெல்லாம் உண்மை, ஆனா பெரிய வியாதின்னு வந்தா எங்க ஜனங்களுக்கு அத விட்டா வேற கதி இல்லங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சம்பளம் போட்டுட்டு இருந்தேன், ஓவர்லாக் தைக்கற அக்கா ஒருத்தங்க கவுன்டர்ல வந்து நின்னாங்க. வழக்கமா எல்லாரும் ஏன் புடிச்சீங்கன்னு தான் கேப்பாங்க. இவங்க, "தம்பி, இந்த வாரம் எனக்கு இஎஸ்ஐ புடிச்சிருக்கீங்கல்ல? கொஞ்சம் சரியா பாருங்க சாமி"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுது. முன்ன வாரம் ஆறு நாள், அதுலயும் ஒன்றரை ஷிப்ட்டுன்னு பாத்தவங்களுக்கு இப்ப வாரம் மூணு நாள் தான் வேலை. புடிச்சிருக்குதுக்கான்னு ஸ்லிப்ப காட்டுனதும் அந்த 0.75 சதவீதம் எழுதியிருந்த இடத்த விரல்ல தொட்டு பாத்துட்டு மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சாங்க. சம்பளம் பாதியா குறைஞ்சத பத்தி ஒரு வார்த்த கேக்கல.

அவங்க பயம் நியாயமான பயம். இஎஸ்ஐல அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் கட்டறது ஒரு பங்களிப்பு காலம், அதுக்கான பலன் அடுத்த ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும். கட்டற அந்த ஆறு மாசத்துல 78 நாள் சம்பளக் கணக்கு இருந்தா தான், உடம்பு முடியாம லீவுல இருக்கறப்ப வர்ற 70 சதவீத சம்பளம் கிடைக்கும். உயர் சிகிச்சைக்கும் இந்த மாதிரி நாள் கணக்கு பாப்பாங்க. வாரம் மூணு நாள்னா 26 வாரத்துக்கு கரெக்டா 78. பொங்கலுக்கு ஆர்டர் இல்லன்னு ஒரு வாரம் யூனிட்ட மூடுனா 75. அவ்ளோ தான், போச்சு. வாஷிங்டன்ல ஆகஸ்ட்ல போட்ட கையெழுத்து அடுத்த வருஷம் ஜூலைல எங்கூரு டைலரோட ஆஸ்பத்திரி கணக்குல வந்து உக்காருது, அன்னைக்கு டிவில வேற எதையாவது விவாதம் பண்ணிட்டு இருப்பாங்க.

வேலை போனவங்களுக்கு இஎஸ்ஐல உதவி இருக்குதேன்னு கேப்பீங்க. இருக்குது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனால 90 நாள் வரைக்கும் பாதி சம்பளம். ஆனா அது வேலையே இல்லாதவங்களுக்கு. இந்த அக்காவுக்கு வேலை போகல, நாள் தான் குறைஞ்சிருக்குது, அதுக்கு எந்தத் திட்டமும் இல்ல. முதலமைச்சர் காப்பீட்டுக்கு போலாம்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், மாசம் பத்தாயிரம். ரெண்டு பேர் வேலைக்கு போற வீட்டுல எதுங்க மாசம் பத்தாயிரம்? இன்னொரு பக்கம் 21,000 வரம்ப 2017 ஜனவரில வெச்சாங்க, இன்னும் அங்கயே நிக்குது. இன்க்ரிமென்ட் போட்டு 21,500 ஆனா அடுத்த பங்களிப்பு காலத்துல இருந்து இஎஸ்ஐ கிடையாது. எனக்கு இன்க்ரிமென்ட் வேண்டாங்கன்னு சொன்ன கட்டிங் மாஸ்டரெல்லாம் இருக்காங்க.

அதனால பிஜேபி நண்பர்கள் ஜிஎஸ்டி எடுத்தத தீபாவளி பரிசுன்னு சொல்றப்பவும், எதிர்க்கட்சி நண்பர்கள் எட்டு வருஷம் வாங்கிட்டு இப்ப பரிசான்னு கேக்கறப்பவும், ரெண்டு பேரு கிட்டயும் நான் கேக்கறது ஒண்ணு தான்: பாலிசி வாங்கற வசதி இருக்கறவங்களோட 18 சதவீதத்துக்கு இவ்ளோ பேசறீங்க, இந்த 78 நாள பத்தி யாராவது ஒருத்தர் பேசுனீங்களா? வரியால வேலை நாள் குறைஞ்ச யூனிட்டுக்கு இந்த ஆறு மாசத்துக்கு மட்டும் 78ங்கறத குறைங்க, இல்ல விட்டுப்போன நாளுக்கு ரெண்டு பங்கையும் அரசு கட்டட்டும். மாசம் 600 ரூபா விஷயம் தான் இது. 21,000ஐ ஏத்துங்க. குரூப் பாலிசி வரியையும் எடுங்க. தமிழ்நாட்டுல 2026ல சட்டசபை தேர்தல் வருது, ஓட்டு கேட்டு வர்ற எல்லாரு கிட்டயும் எங்க ஊர் ஜனங்க இத கேக்கணும்.

கேள்வி கேட்டவரு பனியன் கம்பெனி குடும்பம்னா, மார்ச் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. மத்திய அரசோட உமங் ஆப்ல இஎஸ்ஐசி (இஎஸ்ஐய நடத்தற கழகம்) பக்கத்துல உங்க இன்சூரன்ஸ் நம்பர வெச்சு உள்ள போனா கம்பெனி மாசாமாசம் எத்தன நாள் காட்டியிருக்குதுன்னு தெரியும். சம்பள ஸ்லிப்போட சேத்து பாருங்க, நாள் குறைவா ஏறியிருந்தா உடனே ஆபீஸ்ல சொல்லி திருத்த சொல்லுங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்தா என்ன மாதிரி ஆளுங்க நெனச்சாலும் திருத்தறது ரொம்ப கஷ்டம்.